உடைந்த துண்டில் மூன்று எழுத்து

நித்யாவுக்கு நைனா எழுதுவது.

நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னா சொல்றா என்று கேட்டாள். சிக்னல் போயிடுச்சு என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அதைக் கேட்டதே தப்போ என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொன்னேரி பிரஸ்ஸில் உன் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த தம்பி, பொண்ணுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான். ஒரு அண்ணன், பேர் முரளி என்றேன். பேருக்கு முன்னால் ஏதாவது போடணுமா என்று கேட்டான். அவன் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. இருக்கிறவர் என்றால் பேர் மட்டும், இல்லாதவர் என்றால் அமரர் என்று சேர்த்துப் போடுவான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். வீட்டில் யாரைக் கேட்பது? உங்கம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அதனால் உன்னைக் கேட்டேன். நீ, "அண்ணன் செத்துட்டான்னு முதல்ல சொன்னது நான்தான் நைனா. ரெண்டாவது தடவையும் என்னையே சொல்லச் சொல்றியா?" என்றாய். அதோடு போனை வைத்துவிட்டாய். ஐந்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த உயரத்திலிருந்து நீ பார்த்தது வேறு, பக்கத்தில் நின்று நான் பார்த்தது வேறு. உன் அண்ணன் பத்தாவது முடித்துவிட்டுக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனானே, அந்த விளையாட்டு அப்போது ஆரம்பித்தது. சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே உன்னைக் கூப்பிடுவான். பகலெல்லாம் அவன் கண்ணெதிரே அடுக்கியிருந்த கண்டெய்னர்கள்மேல் பெரிதுபெரிதாக இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அதிலிருந்து மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து உன்னிடம் கொடுப்பான். அந்த மூன்றும் வருகிற வார்த்தையை நீ சொல்ல வேண்டும். ஜி, ஹெச், டி என்று ஒருநாள் கொடுத்தான். நீ லைட், நைட், ரைட், எய்ட் என்று கைவிரலை மடக்கிக்கொண்டே போனாய். இன்னொன்று இருக்கு, உன்னைப் பத்தின வார்த்தை என்றான். உனக்குக் கிடைக்கவில்லை. சோறு சாப்பிடும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவன்தான் சொன்னான், டாட்டர், மகள் என்று. எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு நீ என் தோளில் குத்தினாய், என்னமோ நான் ஒளித்து வைத்த மாதிரி. வலை பிரித்துக்கொண்டிருந்த எனக்கு இங்கிலீஷில் தெரிந்த முதல் வார்த்தை அதுதான்.

அவன் அதில் ஒரு சட்டம் வைத்திருந்தான். மூன்று எழுத்தும் கொடுத்த வரிசையிலேயே, ஒன்றை ஒன்று ஒட்டி வர வேண்டும். நடுவில் வேறு எழுத்து புகுந்தால் அந்த வார்த்தை செல்லாது. ஒருநாள் உனக்கு ஒன்றுமே கிடைக்காமல், நடுவில் ஒரு எழுத்து நுழைந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஒண்ணே ஒண்ணுதானே, விட்டுடுண்ணா என்று கெஞ்சினாய். அவன் விடவில்லை. நீ அழுதாய். நான்கூட, குழந்தைதானே, ஒத்துக்கோயேன்டா என்றேன். "ஒத்துக்கிட்டா அது வேற வார்த்தை நைனா" என்றான். துறைமுக வேலையில் அவன் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. கடல் பக்கத்திலேயே இருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாளெல்லாம் நிற்க முடியவில்லை என்று அவனேதான் விட்டுவிட்டு வந்தான். கடலுக்குப் போக நாம் சொந்தமாக ஃபைபர் போட்டு வாங்கினது அப்புறம்தான். அம்மன் பேர் வைக்கலாம் என்று நான் சொன்னேன். அவன் கோல்டன் ஸ்டார் என்று இங்கிலீஷில் எழுத வைத்தான். பழவேற்காட்டில் எல்லா போட்டுக்கும் பேர் எழுதுகிற ஒரே பெயின்டர்தான் நமக்கும் எழுதினார். சர்க்கார் சொன்னபடி எல்லா போட்டுக்கும் ஒரே நிறம், அவர் கையில் எல்லாப் பேருக்கும் ஒரே மாதிரி எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் யாருடையது எது என்று தெரியாது.

அந்த ஆடி மாதம் என் கையில் திருக்கை மீன் முள் ஏறி வீங்கிக் கிடந்தது. கயிறு பிடிக்க முடியாது. அதனால் முரளியும் உன் அத்தை மகன் சேகரும் மட்டும் போனார்கள். விடியும்போது போனார்கள். நான் கரைவரை போய், வீங்காத கையால் போட்டைத் தள்ளிவிட்டேன். மதியத்துக்குமேல் மேற்கே வானம் கருத்து, மேல்காற்று புரட்டியெடுத்தது. ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று அது, வீட்டுக்கு வருகிறவனை வரவிடாது. மழை விட்டபோது நம் குப்பத்துப் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நம்முடையது வரவில்லை. முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கிற ஒரு குப்பத்திலும் ஒரு போட்டு வரவில்லை என்று மறுநாள் தெரிந்தது. பழவேற்காட்டு பாய் ஒருத்தர் தன் தகப்பனார் பேரில், முஸ்தபா என்று எழுதி, அந்தக் குப்பத்து ஆட்களிடம் விட்டிருந்த போட்டு அது. மாமன் மச்சானெல்லாம் எண்ணூர் வரைக்கும் ஒரு பக்கம், ஆந்திரா எல்லை தாண்டி ஒரு பக்கம் என்று தேடினார்கள். நானும் ஒற்றைக் கையோடு போனேன். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

சில நாள் கழித்து, வடக்கே வலை இழுத்தவர்களுக்கு ஒரு ஃபைபர் துண்டு கிடைத்தது. ஒரு கை அகலம் இருக்கும். எதில் மோதி உடைந்ததோ, இன்றுவரை தெரியாது. அதை எடுத்துவந்து கடலோரப் போலீஸிடம் கொடுத்துவிட்டார்கள். அடையாளம் பார்க்க வரச் சொன்னபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உனக்குத் தெரியும் என்பதற்காக மட்டும்தான். ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிப்போகிற இடமா என்று அப்போது தோன்றவில்லை. மேஜைமேல் அந்தத் துண்டு இருந்தது. வெள்ளைப் பெயின்ட்டில் எஸ், டி, ஏ என்று மூன்று எழுத்து. எஸ்ஸுக்கு முன்னாலும் உடைந்திருந்தது, ஏவுக்குப் பின்னாலும் உடைந்திருந்தது. கான்ஸ்டபிள் நம் போட்டின் பேரைக் கேட்டார். கோல்டன் ஸ்டார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். அப்போது நீ என் சட்டையை விட்டுவிட்டு மேஜையருகே போய், "சார், வெளியே போர்டுல ஸ்டேஷன்னு எழுதியிருக்கு இல்ல, அதுலயும் இதே மூணு எழுத்துதான் சார் முதல்ல வருது. கோஸ்டல்னு இருக்கே, அதுலயும் வருது" என்றாய். அவர் எழுதுவதை நிறுத்தினார். "கான்ஸ்டபிள்லயும் வருது சார்" என்று மெதுவாகச் சொன்னாய். நல்ல மனுஷன். பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி பாப்பா, இப்போதைக்கு இன்னும் தெரியலைன்னே எழுதிக்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. அண்ணன் வாங்கிக்கொடுத்த டிக்சனரியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று எழுத்தும் ஒட்டி வருகிற வார்த்தையையெல்லாம் நீ சாக்பீஸால் தரையில் எழுதினாய். ஸ்டாம்ப், ஸ்டாண்டு, ஸ்டார்ட், டிஸ்டன்ஸ், இன்ஸ்டன்ட், மிஸ்டேக். ஒவ்வொன்றாய்ப் படித்து உங்கம்மாவுக்கு அர்த்தம் சொல்வாய். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள் அந்த வார்த்தைகளுக்காக எழுந்து உட்கார்ந்தாள். மஸ்டர்டுன்னா இன்னாம்மா என்று கேட்டாள். கடுகு என்றாய். கடுகுன்னு எவன் போட்டுக்குப் பேர் வைப்பான், வேற பாரு என்றாள். நீ வேறு பார்த்தாய். துக்கம் கேட்க வந்தவர்களை அவள் வாசலிலேயே நிறுத்தி, இத்தனை வார்த்தை இருக்கும்போது அது எங்க போட்டுதான்னு எப்படிச் சொல்றீங்க என்று சண்டை போட்டாள். பெருக்குகிறபோதுகூட உன் எழுத்து அழியாமல் சுற்றிப் பெருக்கினாள். உன் அத்தை மட்டும் வந்து ஒருமுறை தரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அந்தப் பொண்ணை நிறுத்தச் சொல்லு. எனக்கு அந்தத் தரையைப் பார்க்க முடியலை" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த வார்த்தைகள் வேண்டியிருந்தன.

ஒருநாள் காலையில் நீ ஓடி வந்தாய். "நைனா, பேரும் வார்த்தைதானே. முஸ்தபான்னா எம், யூ, எஸ், டி, ஏ. அதுலயும் வருது நைனா." சொல்லும்போது உன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும். அந்தப் போட்டிலும் மனுஷர்கள் இருந்தார்கள் என்பது நம் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம் தோன்றவில்லை. அது தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பிள்ளையைக் காணாத வீட்டில் அப்படித்தான் தோன்றும். பழவேற்காட்டுக்குப் போய் அங்கிருந்து படகில் ஏரி வழியாக வடக்கே போனோம். சுண்ணாம்புக்குளத்துக்கு நேர் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கிற குப்பம். தண்ணீர் குறைவாக இருந்ததால் படகுக்காரர் பாதி தூரம் கழி ஊன்றித்தான் தள்ளினார். அங்கே போய்ச் சேர்கிற நேரத்தில்தான், நாம் எதைக் கேட்கப் போகிறோம் என்பது உனக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போயிடலாமா நைனா என்றாய்.

முஸ்தபா போட்டில் போயிருந்த ஒருத்தனுடைய வீட்டைக் காட்டினார்கள். அவன் பெண்சாதி லட்சுமி, உனக்கு அக்கா மாதிரி வயசு, இடுப்பில் கைக்குழந்தை. நாம் யார் என்று சொன்னதும் பாய் விரித்து உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். துண்டு கிடைத்த சேதி அவளுக்கும் போயிருந்தது. அதில் என்ன எழுத்து என்று யாரும் அவளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. போட்டைக் கடலில் இறக்கினபோது அதற்கு மாலை போட்டு, பேர் தெரிய எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றித் தன் முந்தானையால் துடைத்து உன் மடியில் வைத்தாள். "நீ படிக்கிற பொண்ணுன்னு உங்க நைனா சொல்றாரு. அந்தத் துண்டுல இருக்கிற எழுத்து இதுல இருக்குதா பாரும்மா" என்றாள்.

நீ குனிந்து பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். நான் போட்டோவைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்குத் தெரியாது. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஆள்காட்டி விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. பிறகு நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நீதான். இருக்குக்கா என்று சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், நானும் நம்பியிருப்பேன். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். நீ சொன்னாய்: "இல்லக்கா. உங்க போட்டுல டிக்கு அப்புறம் ஹெச் போட்டிருக்கு. அந்தத் துண்டுல டிக்கு அப்புறம் நேரா ஏ. நடுவுல ஹெச் இல்ல. அது உங்க போட்டு இல்லக்கா."

அந்தப் பெண் குழந்தையோடு உன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், தெலுங்கில் சாமி பேரெல்லாம் சொன்னாள். அப்புறம் அவள் கண் என்மேல் விழுந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டாள். உன்னை விட்டுவிட்டு, போட்டோவைச் சத்தமில்லாமல் எடுத்துச் சுவரோடு சாய்த்து வைத்தாள். இரண்டு போட்டில் ஒன்று இல்லை என்றால் மற்றொன்று என்பது அவளுக்கும் தெரியும்தானே. நாம் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்து உன் கன்னத்தில் வைத்தாள்.

திரும்பி வருகிற வழியில் நீ படகின் முனையில் உட்கார்ந்திருந்தாய். எதிர்வெயில், கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் உங்கம்மா நின்றிருந்தாள். இன்னாச்சு என்று என்னைத்தான் கேட்டாள். நீ சொன்னாய், அது அவங்க போட்டு இல்லம்மா, எழுத்து மாறுது என்று. "நீ ஏன்டி சொன்னே? யாரு உன்னைக் கேட்டா?" என்று அவள் உன் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். நான் விலக்கிவிட்டேன். அவள் உள்ளே போய், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, சாக்பீஸ் எழுத்தெல்லாம் போகும்படி தரையில் கொட்டினாள். அப்புறம் பல நாள் அவள் உன்னிடம் பேசவில்லை. நீயும் யாரிடமும் பேசவில்லை.

முஸ்தபாவில் போனவர்கள் பிழைத்து வந்தார்கள். இஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போய், ஆந்திராக்காரர்களின் பெரிய போட்டு ஒன்று அவர்களைக் கண்டு கரை சேர்த்திருக்கிறது. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு பஸ் ஏறி வந்தார்கள். லட்சுமி தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். உங்கம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ ஸ்கூலில் இருந்தாய். அவன் தோல் உரிந்து, குரல் போய், என் எதிரே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னதை இதுவரை உனக்கு நான் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, உனக்கு அந்த வயசு போதவில்லை. அவர்கள் இஞ்சின் மதியத்துக்கு முன்பே மக்கர் செய்திருக்கிறது. அந்தப் பக்கமாக வந்த நம் போட்டு நின்றிருக்கிறது. "கயிறு வீசட்டுமாண்ணான்னு உங்க புள்ள கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். நாங்களே சரி பண்ணிக்கிறோம், வானம் சரியில்ல, நீ போய் கரையைப் புடின்னு நான்தான் அனுப்பிச்சேன்" என்றான். இழுத்துக்கொண்டு வந்திருந்தால் இரண்டு போட்டும் பிழைத்திருக்குமா, இரண்டும் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. இன்றைக்கும் பழவேற்காட்டுச் சந்தையில் என்னைப் பார்த்தால் அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசுவான்.

உன் அத்தை அந்த வருஷமே சேகருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். போட்டோ மாட்டி மாலை போட்டாள். நம் வீட்டில் அது நடக்கவில்லை. உங்கம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ரேஷன் கார்டில் அவன் பேர் இன்னும் இருக்கிறது. உன் டீச்சர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். வகுப்பில் எழுத்து கொடுத்து வார்த்தை கண்டுபிடிக்கச் சொன்னால் இந்தப் பெண் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள், மற்றதில் எல்லாம் கெட்டிக்காரி, இதில் மட்டும் இப்படி என்றார்கள். வழியில் உன்னைக் கேட்டேன். "நான் கண்டுபிடிச்சா யாருக்கோ இன்னாவோ ஆயிடும்னு இருக்கு நைனா" என்றாய். அதற்கு ஐஸ் வாங்கிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தத் துண்டு மேஜைக்கு வருவதற்கு முன்பே உன் அண்ணன் போய்விட்டான். நீ போட்டோவைப் பார்த்ததற்கும் அவன் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. இதை உன் படித்த புத்தி ஒத்துக்கொள்ளும், ஏழாவது படித்த அந்தப் பெண் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்காக இன்னொன்று சொல்கிறேன். நீ அன்றைக்கு இருக்கு என்று சொல்லியிருந்தால், லட்சுமி தன் புருஷன் வரும்வரை அவனைச் செத்தவனாக நினைத்து அழுதிருப்பாள். அவன் வந்ததும் நாம் அழ ஆரம்பித்திருப்போம். உனக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவன் உன் அண்ணன். நடுவில் ஒரு எழுத்து புகுந்தால் செல்லாது என்று உன்னை அழ வைத்தவன். அந்த மணல்மேட்டில் நீ அவன் சொன்னபடிதான் நடந்தாய். நான் அந்த இடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவனாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் காட்டூரில் நிலத்தை நம்பி இருக்கிறவர்கள். கடலில் ஆள் காணாமல் போவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. செத்தவனுக்குச் சாம்பலாவது இருக்கும், இதில் அதுவும் இல்லை. நீ அந்தப் பையனிடம் இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு. அனுதாபத்துக்காக இல்லை. ஏதோ ஒரு ஆடி மாதச் சாயங்காலம் மேல்காற்று அடிக்கும், நீ அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு ஜன்னலருகே நிற்பாய். என்ன ஆச்சு என்று அவன் கேட்பான். உனக்குச் சொல்ல வராது. அவன் தன்மேல் கோபமோ என்று நினைப்பான். அப்படி நம் வீட்டில் எத்தனையோ நாள் வீணாய்ப் போயிருக்கிறது, எனக்கும் உங்கம்மாவுக்கும். ஒருத்தருக்கொருத்தர் என்ன நினைக்கிறோம் என்று தெரிந்தும் கேட்காமல், தெரியாமலும் கேட்காமல். அவன் கேட்காவிட்டாலும் நீ சொல். ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டும் என்றும் இல்லை. உன் பிள்ளைகளுக்கும் மாமா ஒருத்தர் இருந்தார், எழுத்து கொடுத்து வார்த்தை கேட்பார் என்று சொல். அந்த விளையாட்டை அவர்களோடு விளையாட முடிந்தால் விளையாடு. முடியாவிட்டால் பரவாயில்லை.

பத்திரிகை விஷயம். நேற்று நான் மறுபடி பொன்னேரிக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை, உங்கம்மாவையும் கேட்கவில்லை. அந்தத் தம்பி என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பினான். என் மகன் இல்லைங்க, கடல்ல போயிட்டான், அமரர்னே போட்டுடுங்க என்றேன். இத்தனை வருஷத்தில் என் வாயால் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நினைத்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ விசிட்டிங் கார்டு கேட்டு வந்து நின்றார். தம்பி அடித்துவிட்டு, சரியா பாருங்கய்யா என்றான். சரி என்றேன். வருகிற ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில் அவனுக்குத் திதி கொடுக்கப் போகிறேன். உன் அத்தையும் வருகிறாள். நீ லீவு போட்டுவிட்டு வர வேண்டும் என்று இல்லை. வந்தால் பக்கத்தில் நில், போதும்.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்று உனக்குத் தெரியும். உன் பேரைப் படித்தாள், மாப்பிள்ளை பேரைப் படித்தாள், விரலைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டு போனாள். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. உதட்டுக்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் தாளைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதைவிடச் சின்ன வார்த்தை ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப இருக்கட்டும். அந்தப் பொண்ணைக் கேக்காதே. அவ ஒரு தடவ சொன்னது போதும்" என்றாள்.

உன் நைனா